முன்பிரதியில் நாற்பது நிமிடம்

ஜூன் 4

அன்புள்ள தம்பிக்கு,

இந்தக் கடிதத்துக்கு முன்னால் பொட்டலம் வந்து சேர்ந்தாலும் சேரும். உங்கள் சிறை வாசலில் எது எப்போது உள்ளே நுழையும் என்று யாருக்குத் தெரியும்? மூன்று புத்தகங்கள் அனுப்பியிருக்கிறேன். மூன்றும் விமர்சனத்துக்காகப் பதிப்பகம் கொடுத்த முன்பிரதிகள், கடைக்கு வர இன்னும் ஒன்றரை மாதம் இருக்கிறது. கெட்டி அட்டை இல்லைதானே என்று ஒவ்வொன்றையும் வளைத்துப் பார்த்துத்தான் கட்டினேன். போன முறை அட்டையைக் கிழித்துக்கொண்டு உள்ளே இருந்ததை மட்டும் உன்னிடம் கொடுத்தார்களே, அந்தக் கூத்து இந்த முறை வேண்டாம்.

பதிப்பாசிரியர் அம்மா மறுபடி தொலைபேசியில் பிடித்துக்கொண்டார். "எல்லா வலைப்பதிவுக்காரங்களும் புத்தகம் வர்றதுக்குப் பத்து நாள் முன்னாடியே எழுதிடறாங்க. நீங்க மட்டும் கடைக்கு வந்தப்புறம்தான்னு ஏன் அடம் பிடிக்கிறீங்க?" நான் என்ன சொல்ல? அடம் பிடிப்பவன் உள்ளே இருக்கிறான், நான் வெறும் தட்டச்சுக்காரி என்றா? "யோசிக்கிறேன் மேடம்" என்று பெரிய மனுஷி போலச் சொல்லி வைத்தேன்.

மூன்று வருடமாக நீ விமர்சனம் எழுதி அனுப்புகிறாய், நான் 'மூன்றாம் மாடி' வலைப்பதிவில் போடுகிறேன். படிக்கிறவர்கள் அதை எழுதுவது நான்தான் என்று நினைத்து 'மாடிக்காரி' என்று பெயரே வைத்துவிட்டார்கள். ஆரம்பத்தில் அது நமக்குள் ஒரு வேடிக்கையாக இருந்தது. இப்போது அப்படி இல்லை. போன வாரம் ஒரு பெண் நான் வேலை பார்க்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கே தேடி வந்துவிட்டாள். "அந்த நர்ஸ் கதைய பத்தி நீங்க எழுதினத படிச்சுட்டு அன்னிக்கு முழுக்க அழுதேன் மேடம்" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் அந்த நர்ஸையும் படிக்கவில்லை, நீ எழுதியதையும் எழுத்துப் பிழை பார்த்ததோடு சரி. முதலாளி கல்லாவிலிருந்து முறைத்துக்கொண்டிருந்தார்.

முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். பதிப்பகத்தில் வேலைக்குக் கூப்பிடுகிறார்கள். வருகிற கையெழுத்துப் பிரதிகளைப் படித்து எது தேறும், எது தேறாது என்று சொல்ல வேண்டுமாம். இரண்டு பக்கம் புரட்டினால் கொட்டாவி விடுகிற எனக்கு! ஆனால் அது உட்கார்ந்து பார்க்கிற வேலை, தம்பி. ஒன்பது மணி நேரம் நின்று நின்று என் கெண்டைக்கால் நரம்பெல்லாம் புடைத்துவிட்டது. மாலையில் மூன்று மாடி ஏறும்போது இரண்டாவது மாடியில் உட்கார்ந்து அழுதுவிட்டு ஏறுகிறேன். ஆகஸ்ட் பத்தாம் தேதி உன் முன்விடுதலை விசாரணை நல்லபடியாக முடிந்தால் நீ அறையில் உட்கார்ந்து படி, நான் அலுவலகத்தில் போய் ஒப்பிக்கிறேன். இதைத்தான் இப்போது நாள் முழுக்க நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

சீக்கிரம் எழுது. உடம்பைப் பார்த்துக்கொள்.

அக்கா


ஜூன் 15

அக்கா,

பொட்டலம் பத்தே நாளில் வந்துவிட்டது. கடிதம் பார்க்கிற ஐயா நேரில் கொண்டுவந்து கொடுத்தார். "உங்கக்கா இந்த தடவ நல்லா கட்டியிருக்காங்கப்பா, பிரிக்கவே மனசு வரல" என்றார். ஆனாலும் பிரித்துத்தான் கொடுத்தார். போன விமர்சனத்தில் கடைசிப் பத்தி இழுவை என்றும் சொன்னார். உலகத்திலேயே என் எழுத்தை முதலில் படிக்கிறவர் அவர்தான். இதையும் படித்துக்கொண்டிருப்பார். வணக்கம் ஐயா, அந்தப் பத்தி இழுவை இல்லை.

உன் பதிப்பாசிரியர் அம்மாவிடம் இதைச் சொல். இரண்டு வருடம் முன்பு அந்தப் படகோட்டி நாவலைப் பற்றி, அது வருவதற்கு இரண்டு மாதம் முன்பே போட்டோமே, நினைவிருக்கிறதா? படித்தவர்கள் எல்லாம் கடை கடையாகப் போய்க் கேட்டார்கள். கடைக்காரர்கள் அப்படி ஒரு புத்தகமே இல்லை என்று கையை விரித்தார்கள். கடைசியில் புத்தகம் வந்தபோது கேட்க ஆளில்லை, எல்லோரும் வேறொன்றுக்குப் போய்விட்டார்கள். பசியைக் கிளப்பிவிட்டுச் சமையலறையைப் பூட்டிக்கொண்டு போன கதை. அந்த எழுத்தாளர் உனக்கு நன்றி சொல்லித்தான் எழுதினார். எனக்கு அது நன்றியாகப் படவில்லை. படித்த உடனே சொல்லிவிட வேண்டும் என்று வாய் நமநமக்கும், எனக்கும்தான். அது புத்தகத்துக்காக வருவதில்லை, 'எனக்கு முதலில் கிடைத்தது பார்' என்று காட்டிக்கொள்ள வருவது. அதோடு முன்பிரதி என்பது முடிந்த புத்தகமும் இல்லை. எழுதியவர் இன்னும் அடித்துத் திருத்திக்கொண்டிருப்பார். பாதி தலை வாரியவரைப் புகைப்படம் எடுத்து ஊருக்குக் காட்டுவது அழகா?

வேலையை ஒத்துக்கொள்ளாதே. ஒரு கையெழுத்துப் பிரதி இங்கே வர பத்து நாள், என் கருத்து உன்னிடம் வர பத்து நாள். அதுவரை அங்கே என்ன சொல்லிச் சமாளிப்பாய்? ஆகஸ்டை நம்பிக் காரியம் செய்யாதே. இங்கே நான் தேதியை நம்புவதை விட்டுவிட்டேன். என் அறைக்காரர் குழாய் வேலை செய்கிறவர், நான்கு முறை விசாரணைக்குப் போய்த் திரும்பி வந்து அதே மேல்கட்டிலில் ஏறிப் படுத்தவர். ஒவ்வொரு முறையும் போகும்போது எனக்குத் தன் போர்வையைக் கொடுத்துவிட்டுப் போவார். வந்து வாங்கிக்கொள்வார்.

இரண்டு புத்தகம் முடித்துவிட்டேன், சுமார்தான். நாளை மூன்றாவதைத் தொடங்குகிறேன். 'மிதிவண்டி மட்டும் வந்தது.' தலைப்பு நன்றாக இருக்கிறது.

தம்பி


ஜூன் 19

அக்கா,

போன கடிதமே இன்னும் உன் கைக்கு வந்திருக்காது. அதற்குள் இதை எழுத வேண்டியிருக்கிறது.

அந்த மூன்றாவது புத்தகத்தை நீ திறந்தே பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டாய். அது கதை இல்லை. புனைபெயரில் எழுதியிருக்கிறார், ஆனால் அவர்தான். அந்த நில அளவையாளரின் மனைவி. நான் வண்டி மோதிக் கொன்றேனே, அவருடைய மனைவி.

முதல் இருபது பக்கம் தெரியாமலேதான் படித்தேன். ரசித்து ஒரு வரிக்கு அடியில் கோடு கூடப் போட்டேன். இருபத்தோராம் பக்கத்தில் கிடங்குத் தெரு, மதியம் மூன்று மணி, மரச்சாமான் கம்பெனியின் பெரிய வண்டி. மூடி வைத்துவிட்டேன். மறுநாள் எடுத்தேன். பதினோரு இடத்தில் நான் வருகிறேன், 'அந்த ஓட்டுநர்' என்று. ஒரு இடத்தில்கூடத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

அறுபத்து மூன்றாம் பக்கத்தில் இப்படி இருக்கிறது: 'மூன்று மணிக்கு அடிபட்டார். மூன்று நாற்பதுக்குத்தான் யாரோ பார்த்தார்கள். அந்த நாற்பது நிமிடமும் அவர் தனியாக, வலியோடு கிடந்தார். நான் தினமும் மூன்று மணிக்குச் சமையலறைத் தரையில் உட்காருகிறேன். மூன்று நாற்பதுக்கு எழுந்திருக்கிறேன்.'

அது அப்படி இல்லை, அக்கா.

ஏதோ தட்டியது, பள்ளம் என்று நினைத்து ஓட்டிக்கொண்டு போய்விட்டேன் என்று நீதிமன்றத்தில் சொன்னேன். வக்கீல் சொல்லிக்கொடுத்தது அது. உன்னிடமும் அதையே சொன்னேன். நான் வண்டியை நிறுத்தினேன். இறங்கி ஓடினேன். அவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். கைபேசி என்னிடம் இல்லை, வண்டி எடுக்கும்போது அலுவலகப் பெட்டியில் போட்டுவிட்டுத்தான் போக வேண்டும், உனக்குத் தெரியும். கத்தினேன். இரண்டு பக்கமும் கிடங்குச் சுவர், ஒரு ஆள் இல்லை. ஆறு ஏழு நிமிடம் உயிரோடு இருந்திருப்பார். என் முகத்தைப் பார்த்தார். "வலிக்கல" என்றார். "வீட்டுல சொல்லிடுங்க, வலிக்கலன்னு" என்றார். கொஞ்ச நேரத்தில் போய்விட்டார். அப்புறம்தான் பயம் வந்தது. தலையைத் தரையில் வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டேன்.

அவர் சொல்லி அனுப்பியதை நான்கு வருடமாக நான் கொண்டுபோய்ச் சேர்க்கவில்லை. சேர்த்தால் நின்றேன் என்று ஒத்துக்கொள்ள வேண்டும். அதற்காகவே வாயை மூடிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா தினமும் நாற்பது நிமிடம் தரையில் உட்கார்ந்திருக்கிறார்.

உள்பக்கத்தில் சிறிய எழுத்தில் போட்டிருக்கிறது: 'திருத்தப்படாத பிரதி. ஜூலை 6 அச்சுக்குச் செல்கிறது.' புத்தகம் கடைக்கு வரும் முன் பேசக் கூடாது என்று நான்கு நாள் முன்புதான் உனக்கு நீட்டி முழக்கினேன். அது ஊருக்குச் சொல்கிற விமர்சனத்துக்குச் சரி. இது எழுதியவருக்கு மட்டும் சொல்ல வேண்டியது, அதுவும் அச்சாகும் முன்னால். அச்சாகிவிட்டால் அந்த நாற்பது நிமிடம் ஆயிரம் பேர் கையில் போய் உட்கார்ந்துவிடும், அப்புறம் அவரே நினைத்தாலும் அதிலிருந்து வெளியே வர முடியாது.

இந்தக் கடிதத்தை எடுத்துக்கொண்டு பதிப்பாசிரியரிடம் போ. நான் யார் என்று சொல். 'மூன்றாம் மாடி' யாருடையது என்றும் சொல்ல வேண்டியிருக்கும். உனக்கு என்ன ஆகும் என்று தெரிந்துதான் கேட்கிறேன். கடிதம் பார்க்கிற ஐயா இதைப் படிப்பார், விசாரணைக்கு இது போகும் என்றும் தெரியும். போகட்டும்.

ஆறாம் தேதிக்கு முன்னால், அக்கா.

தம்பி


ஜூன் 26

அன்புள்ள தம்பிக்கு,

நேற்றுதான் உன் பதினைந்தாம் தேதிக் கடிதம் வந்தது. படகோட்டி கதையை அப்படியே பதிப்பாசிரியரிடம் ஒப்பித்தேன். "இதனாலதான் உங்கள விட மாட்டேங்கிறேன்" என்றார். நீ வேண்டாம் என்று எழுதிய பத்தியைப் படிப்பதற்கு முன்பே வேலைக்குச் சரி என்று சொல்லிவிட்டேன். கோபப்படாதே. முதலாளியிடமும் சொல்லியாகிவிட்டது. "உனக்கு படிக்கத் தெரியும்னே எனக்குத் தெரியாதே" என்று சிரித்தார். ஜூலை ஆறாம் தேதி சேர வேண்டும், ஐந்தாம் தேதி வந்து கையெழுத்துப் போடச் சொல்லியிருக்கிறார்கள்.

ஒரு உதவி. அந்த மிதிவண்டி புத்தகத்துக்குத்தான் முதலில் விமர்சனம் வேண்டுமாம். அது யாரோ ஒரு அம்மாவின் சொந்தக் கதையாம், பதிப்பாசிரியர் படித்து அழுதாராம். உன் கொள்கையைக் கொஞ்சம் தள்ளி வைத்துவிட்டு இந்த ஒன்றுக்கு மட்டும் முன்கூட்டியே எழுதிக் கொடு. சத்தியம் பண்ணாத குறையாக வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

அக்கா


ஜூலை 2

தம்பி,

நேற்று வந்தது.

கடையில் ஒரு வயதானவருக்குக் கண்ணாடிச் சட்டம் பொருத்திக்கொண்டிருந்தேன். தபால்காரர் கொடுத்ததை நின்றபடியே பிரித்தேன். அந்தப் பெரியவரின் காதில் கண்ணாடியை மாட்டிவிட்டு அப்படியே பின்பக்கம் போய்விட்டேன். முதலாளி வந்து "என்னம்மா, யாராவது போய்ட்டாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன்.

நான்கு வருடம்! வக்கீலைப் பார்க்க நடந்தது யார்? 'என் தம்பி நின்றிருப்பான், தெரிந்திருந்தால் நின்றிருப்பான், அவன் அப்படிப்பட்டவன்' என்று நான் எத்தனை பேரிடம் வாதாடியிருப்பேன் தெரியுமா? நீ நின்றிருக்கிறாய். நின்றுவிட்டுப் போயிருக்கிறாய். எது மேல் என்று எனக்கு இப்போது தெரியவில்லை.

இப்போது எனக்குத் தேதி குறித்து அனுப்புகிறாய். ஆறாம் தேதி! உனக்கு அங்கே சுவர் இருக்கிறது, ஒரு கதவு இருக்கிறது, எந்தப் பக்கம் வெளியே என்றாவது தெரியும். எனக்கு எந்தப் பக்கம் போனாலும் நீ இருக்கிறாய். சொன்னால் வேலை போகும். பழைய வேலையும் போய்விட்டது. உன் விசாரணை போகும். சொல்லாவிட்டால் அந்த அம்மா. நல்ல இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறாய்.

இந்தக் கடிதம் உன்னிடம் வரும்போது ஆறாம் தேதி முடிந்திருக்கும். பதிப்பாசிரியர் எனக்கென்று கொடுத்த பிரதி இருக்கிறது. நேற்று அதைப் படிக்கத் தொடங்கினேன். கொட்டாவி வரவில்லை.

அக்கா


ஜூலை 13

அக்கா,

திட்டியது சரி. இன்னும் திட்டலாம்.

உன் ஜூன் மாதக் கடிதம் ஆறாம் தேதி வந்தது. முன்கூட்டியே விமர்சனம் எழுதிக் கொடு என்று கேட்டிருந்தாய். அன்றைக்குத்தான் அது அச்சுக்குப் போகிறது. அன்று முழுக்கக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். குழாய்க்காரர் "சாப்பிட வாப்பா" என்று இரண்டு முறை கூப்பிட்டார். இங்கே நடைபாதையில் மஞ்சள் கோடு போட்டிருக்கிறார்கள், அதற்குள்தான் நடக்க வேண்டும். நான்கு வருடமாக நடக்கிறேன், அன்றைக்குத்தான் அது இவ்வளவு குறுகல் என்று தெரிந்தது. நீ போயிருப்பாயா, போயிருக்க மாட்டாயா என்று எண்ணி எண்ணி அந்தக் கோட்டிலேயே நடந்தேன்.

ஒன்று சொல்ல வேண்டும். நான் உனக்கு எழுதிய அந்த ஜூன் 19 கடிதத்தைக் கொடுத்த பிறகு கடிதம் பார்க்கிற ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "இத நான் இன்னும் படிக்கல. நீ எடுத்துக்கிட்டு போய் வேற எழுதிட்டு வா. ஆகஸ்டுக்கு அப்புறம் எது வேணா எழுது" என்றார். அவர் கண் கலங்கியிருந்தது, படித்துவிட்டார் என்று தெரிந்தது. அனுப்பிவிடுங்கள் என்றேன். அவர் முத்திரையைக் குத்தித் தபால் பையில் போட்டார்.

விமர்சனம் கேட்டாய். இந்தப் புத்தகத்துக்கு நான் எழுத மாட்டேன். வருவதற்கு முன்பும் இல்லை, வந்த பின்பும் இல்லை. எந்தத் தேதியிலும் எழுத எனக்கு வாயில்லை.

போனாயா, இல்லையா? அதை மட்டும் எழுது.

தம்பி


ஜூலை 24

தம்பி,

போனேன். சொல்லவில்லை.

ஐந்தாம் தேதி காலை உன் கடிதத்தைக் கைப்பையில் வைத்துக்கொண்டுதான் போனேன். படியேறும்போது என்ன பேசுவது என்று மனப்பாடம் பண்ணிக்கொண்டே ஏறினேன். பதிப்பாசிரியர் என் மேசையைக் காட்டினார். சன்னல் ஓரம். நாற்காலிக்கு அடியில் கால் வைக்க ஒரு பலகை போட்டிருந்தார். "உங்களுக்குக் கால்வலின்னு சொன்னீங்கல்ல" என்றார். என்றோ பேச்சோடு பேச்சாகச் சொன்னதை நினைவு வைத்திருந்தார்.

உட்கார்ந்தேன். காலை அந்தப் பலகையில் வைத்தேன். "மிதிவண்டி புத்தகத்துல இனிமே ஒரு வரி மாத்தணும்னா முடியுமா மேடம்?" என்று கேட்டேன். "நாளைக்குக் காலைல பத்து மணி வரைக்கும் முடியும். ஏன், எதாவது தப்பு கண்ணுல பட்டுச்சா?" என்று ஆவலோடு பேனாவை எடுத்துவிட்டார். இல்லை என்றேன். சும்மா கேட்டேன் என்றேன். கையெழுத்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மறுநாள் பத்து மணிக்கு அந்த மேசையில்தான் உட்கார்ந்திருந்தேன். சுவர்க் கடிகாரம் எதிரே இருக்கிறது. பத்து ஐந்துக்கு அச்சகத்திலிருந்து ஆள் வந்து உறையை வாங்கிக்கொண்டு போனார். நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

நீ வெளியே வர வேண்டும் என்றுதான் செய்தேன். அப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது, அந்தப் பலகையில் கால் வைத்ததும் சுகமாக இருந்தது. அதுவும்தான்.

புத்தகத்தை நான்கு முறை படித்துவிட்டேன். நான் முழுசாகப் படித்த முதல் புத்தகம் அது. அறுபத்து மூன்றாம் பக்கத்தை மட்டும் தாண்டிப் போகிறேன். இருபதாம் தேதி கடைக்கு வந்துவிட்டது. 'மாடிக்காரி ஏன் பேசவில்லை' என்று வலைப்பதிவில் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். பதிப்பாசிரியரும் கேட்கிறார். இங்கே மூன்று கையெழுத்துப் பிரதிகள் கொடுத்தார்கள், மூன்றுக்கும் 'நடுவில் கொஞ்சம் தொய்வு' என்று எழுதிக் கொடுத்தேன். மூன்றும் சரியான கருத்து என்று பாராட்டினார்கள். சிரிப்பாக இருக்கிறதா? எனக்கு மூச்சு முட்டுகிறது. எழுத்தாளர்களுக்கு வருகிற தபாலைப் பிரித்து அனுப்புகிற வேலையையும் என்னிடமே கொடுத்துவிட்டார்கள். அந்த அம்மாவுக்குத் தினமும் கடிதங்கள் வருகின்றன. எல்லோரும் அந்த நாற்பது நிமிடத்தைப் பற்றித்தான் எழுதுகிறார்கள்.

நீ என்ன வேண்டுமானாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

அக்கா


ஆகஸ்ட் 4

அக்கா,

இரண்டு நாள் உன்மேல் ஆத்திரமாக இருந்தது. உன் கடிதத்தைக் கசக்கிக் கட்டிலுக்குக் கீழே போட்டேன். பிறகு எடுத்து நீவி வைத்தேன். நான்கு வருடம் சொல்லாதவன், ஒரு நாள் சொல்லாதவளை என்ன கேட்க முடியும்? கால் இப்போது எப்படி இருக்கிறது?

அந்த அம்மாவுக்கு நானே எழுதிவிட்டேன். உனக்கு எழுதியதைவிடச் சுருக்கமாகத்தான், ஆனால் எதையும் விடவில்லை. மன்னிப்புக் கேட்கவில்லை. கேட்டால் அவர் ஏதாவது பதில் சொல்ல வேண்டியதாகிவிடும். அவர் வீட்டு முகவரி எனக்குத் தெரியாது, அதனால் பதிப்பக முகவரிக்கே போட்டிருக்கிறேன். அது உன் மேசைக்குத்தான் வரும் என்று தெரியும். வேறு வழியில்லை.

பிரிக்காமல் கொடுத்தாலும் சரி, கிழித்துப் போட்டாலும் சரி. இந்த முறை நான் தேதி எதுவும் சொல்லவில்லை.

பத்தாம் தேதி விசாரணை. அவர்கள் கேட்டாலும் கேட்காவிட்டாலும் நின்றேன் என்று சொல்லப் போகிறேன். குழாய்க்காரர் என்னைப் பைத்தியம் என்கிறார். என் போர்வையை வாங்கி வைத்துக்கொள்ளப் போவதில்லையாம், எப்படியும் திரும்பி வந்துவிடுவேனாம்.

தம்பி


ஆகஸ்ட் 18

தம்பி,

உன் உறை பதினான்காம் தேதி வந்தது. சிறை முத்திரை குத்திய உறை, உன் கையெழுத்து. இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். மறுநாள் திறந்து பார்த்துவிட்டு மறுபடி பூட்டினேன். எனக்கு எழுதிய கடிதத்தையும் அன்றுதான் படித்தேன். உறையைக் கையில் எடுத்தால் பாதியாகக் கிழிக்கத்தான் விரல் போகிறது, உண்மையைச் சொல்கிறேன்.

நேற்று அந்த அம்மா பிரதிகளில் கையெழுத்துப் போட அலுவலகத்துக்கு வந்தார். நான் நினைத்த மாதிரி இல்லை. குள்ளமாக, சுறுசுறுப்பாக, கைப்பையில் தனிப் பேனா வைத்துக்கொண்டு வந்தார். நான் ஒவ்வொரு பிரதியாகத் திறந்து நீட்டினேன், அவர் கையெழுத்துப் போட்டார். நாற்பது, ஐம்பது போயிருக்கும். "நீங்க படிச்சீங்களாம்மா?" என்று கேட்டார். "நாலு தடவ" என்றேன். "எதாவது குறை தெரிஞ்சா சொல்லுங்க. எல்லாரும் நல்லா இருக்கு நல்லா இருக்குன்னே சொல்றாங்க, எரிச்சலா வருது" என்றார்.

எழுந்து போய் இழுப்பறையைத் திறந்தேன். கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தேன். "இத எழுதினது என் தம்பி. அவன்தான் அந்த வண்டிய ஓட்டினவன்" என்றேன். "உங்க புத்தகம் அச்சுக்குப் போறதுக்கு முன்னாடியே எனக்கு விஷயம் தெரியும். நான்தான் சொல்லல" என்றும் சொன்னேன். அதைச் சொல்லாமல் கொடுத்திருக்கலாம். கொடுக்க முடியவில்லை.

அவர் நின்றுகொண்டே படித்தார். இரண்டு முறை படித்தார். பிறகு உட்கார்ந்தார். நான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து பேனாவைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"வலிக்கலன்னா சொன்னாரு?" என்று கேட்டார். தலையாட்டினேன். "ஊசி போட்டாலே ஆஸ்பத்திரிய ரெண்டாக்குற மனுஷன்" என்றார். சிரித்தார். நிஜமாகவே சிரித்தார், தம்பி. சிரித்துக்கொண்டே இருந்தவர் அப்படியே மேசையில் தலையை வைத்து அழுதார். "எனக்காகப் பொய் சொல்லியிருக்காரு. போற நேரத்துல." நான் அவர் முதுகைத் தொடலாமா என்று கையை நீட்டிவிட்டு எடுத்துக்கொண்டேன்.

பதிப்பாசிரியர் வாசலில் நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தார். அவரிடமும் 'மூன்றாம் மாடி' யார் எழுதுவது என்று சொல்லிவிட்டேன். அவர் கத்தவில்லை. "அப்ப அந்த நடுவுல தொய்வு?" என்று மட்டும் கேட்டார். படிக்காமல் எழுதினேன் என்றேன். மாலையில் சாவியை வாங்கிக்கொண்டார். கண்ணாடிக் கடையில் என் இடத்தில் வேறு பெண் இருக்கிறாள், நாளை போய் முதலாளியிடம் கேட்டுப் பார்க்க வேண்டும். வலைப்பதிவிலும் உண்மையை எழுதிவிட்டேன். முதல் ஆளாக வசைபாடியது அன்றைக்கு என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதவள்தான். அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்த அம்மா கிளம்பும்போது என்னிடம் திரும்பி வந்தார். ஒன்றே ஒன்று கேட்டார். "அவருக்குத் தண்ணி குடுத்தாரா உங்க தம்பி?"

உன் கடிதத்தில் அது இல்லை. கொடுத்தான் என்று சொல்ல வாய் வரை வந்துவிட்டது. யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை, அவர் நிம்மதியாகப் போயிருப்பார். தெரியாது என்றேன். கேட்டு எழுதுகிறேன், பதில் வர இருபது நாளாவது ஆகும் என்றேன். "பரவால்ல. இருக்கேன்" என்றார். தன் வீட்டு முகவரியை எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

எழுது.

அக்கா


ஆகஸ்ட் 29

அக்கா,

விசாரணையில் அடுத்த வருடம் பார்க்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். அதை விடு.

கொடுக்கவில்லை. அவரும் கேட்கவில்லை. வண்டி இருக்கைக்கு அடியில் ஒரு புட்டி இருந்தது, மதியம்தான் நிரப்பினேன். எழுந்தால் அவர் தலை தரையில் இடிக்கும் என்று அதையே நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். தண்ணீர் என்ற நினைப்பே வரவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு போய், இரண்டு தெரு தள்ளி நிறுத்தி, நான் குடித்தேன்.

இதை அவரிடம் நீயே நேரில் போய்ச் சொல்.

தம்பி